ஹிஜ்ர் பள்ளத்தாக்கில் ஒரு குளிர்காலப் பகல்

மதீனா முனவ்வராவில் ஜியாரத்தை நிறைவு செய்தபின் வாகனத்தை வடதிசை நோக்கித் திருப்புவோர் நம்மவருள் மிகச் சிலரே. ரியாத்திலும் தம்மாமிலும் ஜித்தாவிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் சொந்தக் காரிலேயே உம்ராவுக்குப் புறப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. மக்காவில் சில நாள், மதீனாவில் சில நாள், பின்பு வந்த வழியே திரும்புதல் என்பதே அப்பயணத்தின் ஒழுங்கு. அவர்களுள் சிலர் இப்போது இன்னும் இரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டு, மதீனாவுக்கு வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அல்உலாவுக்குச் செல்கின்றனர். அல்உலாவிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வடக்கே போனால் ஹிஜ்ர். மதாயின் ஸாலிஹ் என்று மக்கள் வழங்குவதும் இவ்விடத்தையே.

ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் வரலாறு அறியாத முஸ்லிம் இல்லம் நம் நாட்டில் உண்டா? பாறையிலிருந்து வெளிப்பட்ட ஒட்டகம், ஒரு நாள் அதற்கும் மறுநாள் ஊராருக்கும் என்று பங்கிடப்பட்ட தண்ணீர், அந்த ஒட்டகத்தின் கால் நரம்பை வெட்டிக் கொன்ற கொடியவர்கள், மூன்று நாள் தவணை, அதன் பின் வந்த பேரோசை! இவற்றையெல்லாம் பெத்தும்மா மடியில் தலைவைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருமறையின் 15ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே 'அல்ஹிஜ்ர்'. அந்தப் பெயரைத் தாங்கிய மண்ணில் நிற்கப்போகிறோம் என்ற எண்ணமே உடலைச் சிலிர்க்கச் செய்வது இயற்கை.

ஆனால் புறப்படும் முன்னரே வீட்டில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். "அது வேதனை இறங்கிய பூமியாயிற்றே, அங்கே உல்லாசமாகப் போகலாமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கேட்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தபூக்கை நோக்கிப் படையுடன் சென்றார்கள். கடும் வெயில், நீண்ட வழி, தண்ணீருக்குத் தட்டுப்பாடு. ஹிஜ்ர் வந்ததும் தோழர்கள் அங்கிருந்த கிணறுகளில் நீர் இறைத்தனர். சிலர் அந்த நீரால் மாவையும் பிசைந்துவிட்டனர். நபியவர்கள் அந்த நீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள். பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குத் தீனியாகக் கொடுக்கச் செய்தார்கள். ஸாலிஹ் நபியின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளப் பணித்தார்கள். அநீதி இழைத்தோரின் இருப்பிடங்களில் அழுதவர்களாக அன்றி நுழையாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்துவிட்டு, தலையைப் போர்த்திக்கொண்டு வாகனத்தை விரைவுபடுத்தினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்த அடிப்படையில்தான் சவூதி நாட்டு ஆலிம்கள் பலரும் நெடுங்காலம் இவ்விடத்தைத் தவிர்க்குமாறு கூறிவந்தனர். பக்கத்து ஊர்க்காரர்களே அங்கே கால்வைக்கத் தயங்கினர். எனினும் நபிமொழி வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். அது வழியை அடைக்கவில்லை. நுழைபவனின் நிலை எப்படி இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே, போவதா வேண்டாமா என்பதைவிட எப்படிப் போவது என்பதே பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கோழிப் பிரியாணி அண்டாவும் பாட்டுப் பெட்டியுமாக அங்கே போய் இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கத் தெரிந்த கண்ணோடு போவதில் உண்டு. ஏனெனில் ஹிஜ்ரின் பாறைகள் எழுத்துகளைச் சுமந்து நிற்கின்றன. அவை என்ன சொல்கின்றன என்பதை அறியாமல் படம் எடுத்துத் திரும்புவோரே மிகுதி.

வழியைப் பற்றிச் சில சொற்கள். மதீனாவைச் சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கரிய ஹர்ரா நிலங்கள். அவற்றைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல, கருமை குறைந்து செம்மணற்பாறைகள் தலைகாட்டும். பெட்ரோல் நிலையங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் கண்டவிடத்தில் நிரப்பிக்கொள்வது நல்லது. இருட்டிய பின் ஓட்டாதீர்கள். சாலையைக் கடக்கும் ஒட்டகம் மின்விளக்கு வெளிச்சத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பாலைவனம் என்றால் வெப்பம் என்று நினைத்து மெல்லிய உடைகளோடு போய் நடுங்குவோரும் உண்டு. ஜனவரியில் அங்கே பகல் இதமாக இருக்கும். இரவிலோ பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். குழந்தைகளுக்குக் கம்பளி உடை அவசியம்.

ஹிஜ்ருக்குள் இப்போது நம் விருப்பம்போல் காரை ஓட்டிச் செல்ல இயலாது. முன்பதிவு செய்து, வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அவர்களுடைய பேருந்திலேயே உள்ளே போகவேண்டும். சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்த இடம் 2020 அக்டோபரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. உடன்வந்து விளக்கம் சொல்பவரை அங்கே 'ராவி' என்கிறார்கள். ஹதீஸ் அறிவிப்பாளரைக் குறிக்க நம் மதரஸாக்களில் புழங்கும் அதே சொல் இங்கே வழிகாட்டிக்குப் பெயராகியிருக்கிறது.

பேருந்து நின்றதும் முதலில் கண்ணைப் பறிப்பவை பாறை முகப்புகள். வெட்டவெளியில் தனித்தனியே எழுந்து நிற்கும் மணற்பாறைக் குன்றுகள். அவற்றின் முகத்தைச் செங்குத்தாகச் செதுக்கி, தூண்கள், விதானம், உச்சியில் எதிரெதிரே இறங்கும் படிக்கட்டு வடிவம், வாயிலின் மேல் கழுகு, சாடிகள், சில இடங்களில் பாம்புமுடி கொண்ட முகம் என்று அலங்கரித்திருக்கிறார்கள். மொத்தம் 111 பெரிய குடைவுகள். அவற்றுள் 94 அலங்கார முகப்புடையவை. 2008இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சவூதி அரேபியாவில் அத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே.

ஒற்றைப் பாறையில் தனித்து நிற்கும் 'கஸ்ருல் ஃபரீத்' முற்றுப்பெறாமல் விடப்பட்டது. மேற்பகுதி நேர்த்தியாக வழவழப்பாக இருக்க, அடிப்பகுதி உளிபட்ட காயங்களோடு கரடுமுரடாக நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலை நேரில் கண்டவர்களுக்கு இந்த முறையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அதுவும் மேலிருந்து குடையப்பட்டு, அடியில் முடிக்கப்படாமல் நிற்பதுதான். அஸர் நேரத்து மஞ்சள் வெயிலில் கஸ்ருல் ஃபரீத் பொன்னாக மின்னும். கேமராக்கள் அத்தனையும் அப்போது அங்கேதான் இருக்கும்.

'கஸ்ர்' என்றால் மாளிகை. வருவோர் பலரும் அவ்வாறே எண்ணி, "இவைதாம் ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து கட்டிய வீடுகள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றனர். வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இந்த முகப்புகளுக்குப் பின்னால் இருப்பவை வீடுகள் அல்ல, கல்லறைகள். உள்ளே ஓர் அறை, சுவரில் உடலை வைப்பதற்கான மாடங்கள், தரையில் குழிகள். அவ்வளவே. இதை ஊகமாகச் சொல்லவில்லை. வாயிலுக்கு மேலே அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட முகப்புகளில், யார் கட்டியது, யாருக்காகக் கட்டியது, எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செதுக்கிய சிற்பி யார் என்பவை நபத்தி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஜோர்தானில் உள்ள பெட்ரா இதே நபத்தியரின் தலைநகர். அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட குடைவுகள் இருந்தும் இவ்வாறு பெயர் சொல்லும் கல்வெட்டுகள் அரிதினும் அரிது. அந்த வகையில் ஹிஜ்ர் தலைநகரையே விஞ்சிவிட்டது.

ஆண்டு பொறித்தவற்றுள் மிகப் பழையது ஒரு பெண்ணின் கல்லறை. வாயிலத்தின் மகள் கம்கம் என்பவரும் அவருடைய மகள் குலைபத்தும் தங்களுக்காகவும் தங்கள் சந்ததிக்காகவும் கட்டியது. ஹாரிதத் என்ற மன்னனின் ஒன்பதாம் ஆண்டு, தேபேத் மாதம் என்று காலம் குறித்திருக்கிறார்கள். தேபேத் என்பது டிசம்பர்-ஜனவரி. கி.மு. முடிந்து கி.பி. தொடங்கும் அந்தக் குளிர்காலத்தில் இந்த எழுத்துகள் வெட்டப்பட்டன என்று கொள்ளலாம். தாயும் மகளும் தம் பெயரில் சொத்து வைத்து, அதைத் தம் வாரிசுகளுக்கு உரிமையாக்கிப் பத்திரம் எழுதிவிட்டார்கள். வஹ்பு என்பவரின் மகள் ஹினத், கி.பி. 60-61ஆம் ஆண்டில் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் என்று எழுதி வைத்த கல்லறையும் இங்கே உண்டு. அதை யாரும் விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு எழுதவோ கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. அக்கல்லறையில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புகளைக் கொண்டு அவருடைய முகத்தை மீட்டுருவாக்கி 2023இல் காட்சிக்கு வைத்தார்கள்.

ஜாஹிலிய்யாக் காலத்தில் அரபு மண்ணின் பெண்களுக்கு எந்த உரிமையும் இருந்ததில்லை என்று மேடைகளில் பொத்தாம்பொதுவாகப் பேசுவோர் இந்த வாயில்களின் கீழே ஒருமுறை நின்றுவிட்டு வருதல் நலம். ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் நிலை வேறுபட்டிருந்தது. மக்காவின் அன்றைய நிலையை ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஹிஜ்ருக்குப் பொருத்துவது வரலாறு ஆகாது.

கம்கமின் கல்வெட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கல்லறையை விற்பவனையும் வாங்குபவனையும் சபிக்குமாறு அவர் வேண்டுவது யாரை? துஷரா என்ற நபத்தியரின் பெரிய தெய்வத்தை, அல்லாத்தை, மனாத்தை. விதியை மீறுபவன் துஷராவுக்கும் ஹுபலுக்கும் மனாத்துக்கும் தண்டம் செலுத்த வேண்டும். பூசாரிக்கு ஆயிரம் ஸெலா நாணயம் தனியே கொடுக்க வேண்டும். திருமறையின் 'அந்நஜ்ம்' அத்தியாயத்தை ஓதும்போதெல்லாம் நாம் கடந்துபோகும் லாத், மனாத் என்ற பெயர்களும், மக்கா வெற்றியின்போது கஅபாவிலிருந்து அகற்றப்பட்ட ஹுபலின் பெயரும் இங்கே கல்லில் இருக்கின்றன. நாம் ஏட்டில் படித்தவை வெறும் பெயர்கள் அல்ல. தம் எலும்புகளுக்குக் காவலாக மனிதர்கள் உண்மையாகவே நம்பியிருந்தவை என்பது அங்கே நின்று பார்க்கும்போதுதான் உறைக்கிறது. காவல் என்ன ஆயிற்று? கல்லறைகள் எப்போதோ திறக்கப்பட்டுவிட்டன. உள்ளே வெறும் இருட்டு.

அதே கல்லறையைச் செதுக்கிய சிற்பியின் பெயர் வஹபல்லாஹி. அல்லாஹ் தந்த கொடை என்று பொருள். சிலைகளைச் சாட்சி வைத்து எழுதிய வாசகத்தின் முடிவில், அல்லாஹ்வின் பெயரைத் தன் பெயரில் சுமந்த ஒரு தொழிலாளி கையொப்பமிட்டுச் சென்றிருக்கிறான்! நபி (ஸல்) அவர்களின் தந்தையாருக்கு அப்துல்லாஹ் என்று பெயர் வைத்த குறைஷியரும் கஅபாவில் சிலைகளை வைத்திருந்தவர்கள்தாமே?

அப்படியானால் ஸமூது எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நபத்தியரின் இக்கல்லறைகள் யாவும் கி.மு. கடைசி ஆண்டுகளுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இடைப்பட்டவை. ஸமூது என்ற பெயரோ அதற்கும் மிக முந்தியது. கி.மு. 715ஐ ஒட்டி அஸீரிய மன்னன் இரண்டாம் ஸர்கோன் தான் அடக்கிய அரபுக் கூட்டத்தாருள் ஸமூதையும் குறிப்பிடுகிறான். இந்தப் பள்ளத்தாக்கில் நபத்தியருக்கு முற்பட்ட கல்வெட்டுகளும் பாறைக் கீறல்களும் கிடைத்திருக்கின்றன. நபத்தியர் தாமும் வீடுகளைப் பாறையில் குடையவில்லை. சமவெளியில் மண்கல்லால் ஊர் கட்டி வாழ்ந்தார்கள். அந்த ஊரின் அடித்தளங்களை 2008 முதல் சவூதி, பிரெஞ்சு அறிஞர்கள் அகழ்ந்து வருகின்றனர். ஆக, ஒரே இடத்தில் காலத்தால் பிரிந்த பல கூட்டத்தார் வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள். இன்று கண்ணுக்குத் தெரியும் அலங்கார முகப்புகள் பின்னே வந்தவர்களுடையவை.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்கக் கண்டிருக்கிறேன். சுருங்கத் தேவையில்லை. ஹிஜ்ர்வாசிகள் மலைகளில் வீடு குடைந்தார்கள் என்று திருமறை கூறுகிறது. இன்ன அலங்கார முகப்பு அவர்களுடையது என்று எங்கும் கூறவில்லை. அந்த இணைப்பைச் செய்தவர்கள் பின்னாளைய பயணிகள். கல்லறை வீடாகிவிட்டதனால் இறைமறையின் சொல் கூடிவிடவும் இல்லை. வீடு கல்லறையாகிவிட்டதனால் குறைந்துவிடவும் இல்லை.

அந்தப் பயணிகளுள் ஒருவர் நமக்கு அறிமுகமானவர்தாம். பின்னாளில் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்த இப்னு பதூதா, 1326இல் டமாஸ்கஸ் ஹாஜிகளின் கூட்டத்தோடு இவ்வழியே வந்தார். செந்நிற மலைகளில் குடையப்பட்டவற்றையும் உள்ளே கிடந்த எலும்புகளையும் அவர் கண்டிருக்கிறார். அவை ஸமூதுடையவை என்றே கருதினார். தாகம் வாட்டியும் கூட்டத்தில் ஒருவரும் ஹிஜ்ரின் தண்ணீரைத் தொடவில்லை என்றும், நபிவழியைப் பேணி விரைந்து கடந்தார்கள் என்றும் எழுதுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் உள்ள பள்ளத்தாக்கு அது. நாள்கணக்கில் பாலையில் நடந்து வந்தவர்கள் அத்தனை கிணறுகளின் ஓரமாக வறண்ட நாவோடு நடந்துபோன காட்சியை எண்ணிப் பாருங்கள். பின்பு அல்உலாவை அடைந்து, பேரீச்சைத் தோட்டங்களுக்கிடையே நான்கு நாள் தங்கி, துணி துவைத்து, மிகுதியான சாமான்களை ஊராரிடம் நம்பி ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்களாம்.

ஹிஜாஸ் ரயில் பாதையின் பழைய நிலையமும் ஹிஜ்ரிலேயே இருக்கிறது. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஹாஜிகளைக் கொண்டுசெல்ல உஸ்மானியர் அமைத்து 1908இல் நிறைவேற்றிய பாதை. இந்திய முஸ்லிம்களும் அதற்கு நன்கொடை அனுப்பினர். முதல் உலகப் போரில் சிதைந்தது. பிள்ளைகள் எஞ்சினைக் கண்டு மகிழ்வார்கள். அரை மணி நேரம் போதும்.

ராவியிடம் நீங்கள் மறவாமல் கேட்க வேண்டியது வேறொன்று: ரகூஷ் என்ற பெண்மணியின் கல்வெட்டு. ஹாரிதத்தின் மகன் கஅப், ஹிஜ்ரில் இறந்துபோன தன் தாய் ரகூஷுக்காக வெட்டியது. கி.பி. 267. நபத்தியரின் அரசு ரோமர் கையில் போய் நூற்று அறுபது ஆண்டுகள் கழிந்த காலம். முந்தைய கல்வெட்டுகள் ஆரமிய மொழியில் இருக்க, இதன் மொழியோ பெரும்பகுதி அரபு. எழுத்து மட்டும் நபத்தி. அந்த நபத்தி எழுத்திலிருந்துதான் படிப்படியாக அரபு எழுத்து வளர்ந்தது என்பது இன்று அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. நம் பிள்ளைகள் அலிஃப், பே என்று தொடங்கும் அந்த எழுத்தின் முன்னோர் இந்தச் செம்பாறையில் இருக்கிறார்கள்.

ரகூஷின் தந்தை பெயர் அப்து மனாத்து, மனாத்தின் அடிமை. ஆனால் பேரன் கஅப் தன் தாயின் கல்லறையைக் குலைப்பவனைச் சபிக்க மனாத்தை அழைக்கவில்லை. உலகத்தின் இரட்சகனை அழைக்கிறான். எந்த நம்பிக்கை அவனுக்கு அச்சொல்லைத் தந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. கம்கமின் வாசகத்துக்கும் கஅபின் வாசகத்துக்கும் இடையே இருநூற்று அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. ஹிரா குகையில் முதல் வஹீ இறங்க அதன்பின் இன்னும் முந்நூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. ஊரின் பெயரையும் கஅப் அரபிலேயே எழுதியிருக்கிறான்: அல்ஹிஜ்ர்.

உள்ளே இருக்கும் சில மணி நேரம் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். மாடங்களுக்குள் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். அது இன்னொருவரின் மையித்து கிடந்த இடம். வேண்டிய தண்ணீரை அல்உலாவிலேயே நிரப்பிக்கொண்டு போவது, முன்னோர் காட்டிய பேணுதலுக்கும் உகந்தது.

மாலையில் திரும்பும்போது அல்உலாவின் பழைய ஊரையும் பார்த்துவிட்டுத் தங்குமிடம் செல்லலாம். ஒன்றோடொன்று ஒட்டிய மண்வீடுகள். 1980களின் தொடக்கம் வரை மக்கள் வாழ்ந்தவை. அங்கே 'தன்தூரா' என்ற கூம்பு வடிவச் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. டிசம்பர் பிற்பகுதியில், நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கும் நாளன்று மட்டும், அதன் நிழலின் நுனி தரையில் பதித்த ஒரு கல்லைத் தொடும். குளிர்கால விதைப்புக்கு அதுவே அடையாளம். ஊற்றுத் தண்ணீரைத் தோட்டக்காரர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளவும் அந்த நிழலே கணக்கு. நம் ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடுவது போலத்தான்: இவருக்கு இவ்வளவு நேரம், அடுத்தவருக்கு இவ்வளவு நேரம். ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஊராருக்கு ஒரு நாள் என்ற பங்கீட்டை ஏற்க மறுத்த கூட்டத்தாரின் ஊரிலிருந்து அந்தக் கடிகாரம் இருபது கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது.